ஒன்றுக்கு முப்பத்திரண்டு

நில அளவைக் கந்தோரில் எனக்கு
ஒன்றுக்கு ஆயிரம், ஒன்றுக்கு ஐயாயிரம்.
வீட்டில் மட்டும் ஒன்றுக்கு முப்பத்திரண்டு.

அந்த அளவில் நான் இரண்டு அங்குலம்.
யாழ்ப்பாண மாவட்டம், தீவுகளோடு சேர்த்து,
கிட்டத்தட்ட ஒரு சதுரக் கிலோமீற்றர்.
கணக்குப் பார்த்தேன், பொய்யில்லை.
காலையில் வெளிக்கிட்டால் முழுவதையும் சுற்றிவிட்டு
தேத்தண்ணிக்கு வீடு திரும்பலாம்.

பீங்கான் அடுக்கவென்று அண்ணி செய்வித்த
கண்ணாடி அலுமாரியில்
இப்போது நாற்பத்தொரு உழவு மெசின்.
சிவப்பு மசி பேர்குசன் மட்டும் ஏழு.
கதிர் வெட்டி ஒன்று, அதன் வாய்
என் சீப்பைவிட அகலம்.
பீங்கான் எங்கே என்று கனடாவிலிருந்து கேட்பாள்.
கட்டிலுக்கு அடியில்.

தபால் கந்தோரில் சுங்கக்காரர்
பார்சலைக் காதோடு வைத்து ஆட்டிப்பார்த்து
"பிள்ளையளுக்கோ?" என்றார்.
"எனக்கு."
விளையாட்டுப் பொருள் என்று எழுதினார்.
அதை வெட்டி, மாதிரி என்று எழுதுவித்தேன்.
தீர்வை கூடிவிட்டது. கூடட்டும்.

நாற்பத்திரண்டாவது எந்தக் கடையிலும் இல்லை.
லான்ட்மாஸ்டர்.
இரண்டு சில்லு, நீட்டுக் கைபிடி, பின்னால் பெட்டி,
மருதனார்மடச் சந்தைக்கு விடிய நாலு மணிக்கு
வழியில் உள்ளவரையெல்லாம் எழுப்பிக்கொண்டு போகிற சாமான்.
ஜேர்மனியில் வார்க்கவில்லை. இத்தாலியில் வார்க்கவில்லை.
அங்கே யாருக்கும் அது மெசினாகத் தெரியவில்லைப் போல.

ஒரு சனிக்கிழமை, நீர்வேலி.
வாழைத்தோட்டத்து ஒழுங்கையில் ஒன்று நின்றது.
குந்தியிருந்து
டயரின் பல்லை அளந்துகொண்டிருந்தேன்.
கொப்பியில் நிழல் விழுந்தது.

"எந்த லீசிங்?"

தவநேசன். வலக்கை முதுகுக்குப் பின்னால்.
"ரெண்டு தவணைதான் பிந்தினது.
வெங்காயம் வித்தவுடன கட்டுறன் எண்டு
அந்தத் தம்பியிட்டச் சொன்னனான்தானே."

நான் அவர்களில்லை என்று விளங்கவைக்க
போனில் அலுமாரியைக் காட்டவேண்டியிருந்தது.
இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.
"எல்லாம் குளிச்ச மெசினாய்க் கிடக்கு.
ஒண்டும் தோட்டம் காணேல்லை."

பிறகு அவரே இடக்கையால் நாடாவின் மறுநுனியைப் பிடித்தார்.
மட்காட் வெடிப்பைத் தவறவிடக்கூடாது.
பெட்டியின் இடப்பக்கப் பலகை வேறு மரம்.
டீசல் மூடி துலைந்து இரண்டு வருசம்,
அந்த இடத்தில் சொப்பிங் பையும் ரப்பர் வாரும்.
"அதையும் போடும். மூடி போட்டீரெண்டால்
அது என்ர மெசின் இல்லை."

பெல்டின் அகலத்தைக் குறித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்,
"எல்லாத்தையும் முப்பத்திரண்டால பிரிக்கிறீர்.
தவணையையும் பிரிக்கேலுமோ?"

பதினெண்ணாயிரத்து நானூறு.
கொப்பி ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
மிச்சமில்லாமல் பிரிபட்டது. ஐந்நூற்று எழுபத்தைந்து.
என் பார்சல் ஒன்றின் தபாற்செலவு அதைவிடக் கூட.
சொல்லவில்லை.

வெளிக்கிடும்போதுதான் வலக்கையை முன்னே எடுத்தார்.
ஸ்ராட் பண்ணுகிற கைக்கம்பி.
இரவில் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பாராம்.
"இது இல்லாட்டி ஒருத்தனும் கொண்டுபோகேலாது."
அதையும் அளக்க விட்டார்,
ஒரு நுனியைத் தான் பிடித்தபடி.
முப்பத்திரண்டு சென்ரிமீற்றர்.

மூன்று மாதம்.
தகரம், ஈர்க்கு, பழைய கைப்பையின் தோல்.
சொப்பிங் பைக்கே ஒரு ஞாயிறு போனது.
கடைசியில் அவர் தோட்டத்துச் செம்மண்ணை
மாவரியில் அரித்துப் பூசினேன்.
எல்லாம் சிறுத்தது, மண் சிறுக்கவில்லை.
ஒவ்வொரு துகளும் சில்லில் கல்லாய் ஒட்டிக்கொண்டு நின்றது.
துடைக்க மனம் வரவில்லை.

இப்போது அலுமாரியில் நாற்பத்திரண்டு.
ஏதோ குறைகிறதே என்கிறார்கள், பார்க்க வருபவர்கள்.
கைக்கம்பியை அதில் விடுவதில்லை.
தலைக்குத்தூசியை வளைத்துச் செய்தது,
சரியாக ஒரு சென்ரிமீற்றர்.
படுக்கப் போகும்போது
தோட்டுச் சுரையோடு சேர்த்து
என் தலைமாட்டில் வைக்கிறேன்.